நானூற்றுப் பன்னிரண்டு இன்னும் இறங்கவில்லை

கேப்டன் ஓட்டாத விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகிவிட்டதால், கேப்டன் பஸ் நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

மழை வேறு. கூரை பெஞ்சின் பாதி வரைக்கும்தான் வந்தது. அந்தப் பாதியில் ஒரு அம்மாள் மூன்று மூட்டைகளோடு முன்கூட்டியே இடம் பிடித்திருந்தாள். நனைகிற பாதியில் கேப்டன். வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு தங்கப் பட்டை, பக்கத்தில் சக்கரம் வைத்த பெட்டி. அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க விமானம் ஓட்டுறவரா?"

"ஆமாம்மா."

"அப்புறம் எதுக்கு பஸ்ஸுக்கு உக்காந்திருக்கீங்க?"

கேப்டன் போனிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் விமானம் இன்னும் கடலுக்கு மேல்தான் இருந்தது. அது இறங்கி, அதற்கப்புறம் சரியாக ஐம்பது நிமிஷம் கழித்துத்தான் அவர் தன் வீட்டுக்குப் போகலாம். வீட்டில் அவர் மனைவியும் இதே வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்று மாதத்துக்கு முன், வருடாந்தரப் பரிசோதனையில், அவருடைய இதயம் போட்ட கோடுகளை டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்ல. மாத்திரையைப் போட்டுக்கிட்டு நூறு வயசு இருங்க. ஆனா இனிமே ஓட்ட முடியாது." முப்பத்தொரு வருஷம் மேகத்துக்கு மேலே இருந்த மனிதரை ஒரே கையெழுத்தில் தரையிறக்கிவிட்டார்.

கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. பயிற்சிக் கூடத்தில் ஒரு நாற்காலி கொடுத்தது. நனைந்த கம்பள வாடை அடிக்கும் அந்த அறையில், விமானங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் ஏற்பாட்டைப் பற்றி மற்ற பைலட்டுகளுக்கு வகுப்பெடுத்தார்.

"முன்னெல்லாம் தரையில இருக்கிற ரேடார் நம்மைத் தேடிக் கண்டுபிடிக்கணும். நடுக்கடல்ல ரேடாருக்கு எங்க போறது? இப்ப அந்தக் கவலை இல்ல. விமானம் தான் எங்க இருக்குன்னு சாட்டிலைட்டை வெச்சுத் தெரிஞ்சுக்குது. தெரிஞ்சதை நொடிக்கொரு தடவை ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டே பறக்குது. கீழ இருக்கிறவங்களும் பார்க்கலாம், பக்கத்துல பறக்கிறவங்களும் தங்களோட திரையில பார்க்கலாம். இனிமே வானத்துல யாரும் ஒளிய முடியாது."

ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்பதை அவர் மட்டும் மனைவிக்குச் சொல்லவில்லை.

சொல்லலாம் என்றுதான் முதல் நாள் போனார். அவள் போனில் யாரிடமோ, "அவருக்கென்ன, வானத்துலயே இருப்பார்" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரத்த அழுத்தம் வேறு உண்டு. அதைச் சாக்காக வைத்து வாயை மூடிக்கொண்டார். உண்மையான பயம் வேறு. தோளில் பட்டை இல்லாமல் நின்றால் அவள் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்பதுதான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். நாளை என்பது மூன்று மாதமாக நாளையாகவே இருந்தது.

அதோடு போயிருந்தாலும் சமாளித்திருப்பார். வெளிநாட்டிலிருக்கும் மகள் கெடுத்தாள். "அம்மா, அப்பா விமானம் இப்ப எங்க இருக்குன்னு நீயே போன்ல பார்க்கலாம்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள். அன்று முதல், காலையில் அவர் ஷூ மாட்டும்போது மனைவி கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு எந்த நம்பருங்க?"

ஆகவே கேப்டன் தினமும் பணிப்பட்டியல் போடும் அம்மாளுக்கு போன் செய்ய வேண்டியதாயிற்று. அலுவலகத்தில் அவருடைய ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"மேடம், இன்னிக்கு என்னை எதுல போடறீங்க?"

"நானூத்திப் பன்னிரண்டுல போங்க சார். மத்தியானம் போயிட்டு சாயங்காலம் வந்துடும். ஜன்னல் பக்கம் வேணுமா?" என்பாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

முதல் வாரமே ஒரு தவறு நடந்தது. வகுப்பு சீக்கிரம் முடிந்ததும் கேப்டன் வழக்கம்போல வீட்டுக்குப் போய் மணியை அடித்தார். மூன்றாவது மணிக்குத்தான் கதவு திறந்தது. மனைவி மூச்சு வாங்க நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னங்க, நீங்க இன்னும் இறங்கவே இல்லையே!"

"அது... படம் கொஞ்சம் பின்தங்கித்தான் காட்டும்" என்று சமாளித்தார். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சந்தேகம் வந்துவிட்டது என்று முடிவு கட்டினார்.

அதனால் அன்றிரவே ஒரு சட்டம் போட்டார். "இனிமே விமானம் இறங்கி அம்பது நிமிஷம் கழிச்சுத்தான் வருவேன். அதுக்கு முன்னாடி வாசலைப் பார்க்காதே."

"அம்பதுன்னா சரியா அம்பதா? நாப்பதுல வந்துட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

அவள் எழுந்து போய் அதை நாட்காட்டியில் குறித்துக்கொண்டாள். கேப்டனுக்குக் கண் கலங்கியது. முப்பது வருஷமாக அவர் மணி அடித்தால் இரண்டாவது மணிக்குள் கதவு திறந்துவிடும், மேசையில் சூடாகக் காபி இருக்கும். அந்த நிமிஷத்தைக் கூடத் தவறவிடக் கூடாது என்று குறித்து வைக்கிறாளே, இவளிடம் போய்ப் பொய் சொல்கிறோமே என்று உள்ளுக்குள் குமைந்தார்.

சட்டம் அவருடைய கழுத்தையே சுற்றிக்கொண்டது. விமானம் தாமதமானால் அவரும் தாமதமாக வேண்டும். நூலகத்தில் உட்கார்ந்தார், ரயில் நிலையத்தில் உட்கார்ந்தார், ஒரு நாள் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, முறை வந்துவிட்டதால் வேறு வழியில்லாமல் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு முறை வெளியூரில் பனிமூட்டத்தில் விமானம் சிக்கி மறுநாள்தான் வந்தது. கேப்டன் பயிற்சிக் கூடத்து நாற்காலிகளை ஒட்டிப் போட்டுப் படுத்தார். காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், மனைவியின் முகம் நன்றாகத் தூங்கி எழுந்த முகமாக மலர்ந்திருந்தது. தன்னைப் பார்த்த நிம்மதி என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு அவளுடைய தம்பி அதே விமானத்தில் பயணம் செய்து தொலைத்தான்.

"தம்பி போன் பண்ணினான். கேப்டன் பேசறேன்னு ஒரு பொம்பளை குரல் கேட்டுச்சாம்."

"எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அதான் அப்படி."

"அவ்வளவு இனிமையாவா கட்டும்?"

ஒரு வாரம் கேப்டன் வீட்டில் கிசுகிசுத்தே பேசினார். இனி எதற்கும் இடம் கொடுக்கக் கூடாது என்று, வரக்கூடிய ஆபத்துகளுக்கெல்லாம் முன்கூட்டியே அணை போட ஆரம்பித்தார்.

"சில நாள் இறங்க இடமில்லாம மேலயே சுத்துவோம். பார்த்தாப் பயந்துடாதே."

"எவ்வளவு நேரம் சுத்துவீங்க?"

"அரை மணி. மிஞ்சினா ஒரு மணி."

"அவ்வளவுதானா?" என்றாள். குரலில் ஏதோ இறங்கிப் போனது. பாவம், தைரியமாக இருப்பதுபோல் நடிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு ஒரு புதன்கிழமை. பதினொரு பைலட்டுகள் வகுப்பில் இருந்தார்கள். சுவரில் பெரிய திரை. நகரத்துக்கு மேலே பறக்கும் விமானங்களெல்லாம் சின்னச் சின்ன அம்புகளாக ஊர்ந்தன.

"சார், நானூத்திப் பன்னிரண்டு ஏன் சுத்திக்கிட்டே இருக்கு?"

கேப்டன் திரும்பிப் பார்த்தார். விமான நிலையத்துக்குத் தெற்கே ஒரு அம்பு நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதே சமயம் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"முன்சக்கரம் கீழ இறங்கிப் பூட்டிக்கிட்டதுக்கான விளக்கு எரியலையாம் சார். எரிபொருளைக் குறைக்கச் சுத்தறாங்க. தீயணைப்பு வண்டியெல்லாம் வந்தாச்சு."

உள்ளே இருந்த நூற்று நாற்பது பேருக்காக ஒரு கணம் கேப்டனின் நெஞ்சு துடித்தது. அடுத்த கணமே அவருக்கு வீடு ஞாபகம் வந்தது. சாப்பாட்டு மேசை, அதன் மேல் போன், போனில் சுற்றும் அம்பு, அதைப் பார்த்தபடி அவள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவர் தரையில்தான் இருந்தார். ஒரு போன் போட்டால் போதும். ஆனால் அவர் விமானத்தில் இருக்கிறாரே, எப்படி போன் போடுவார்?

பணிப்பட்டியல் அம்மாளிடம் ஓடினார். "மேடம், நீங்க வீட்டுக்குப் பேசுங்க. பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க."

அவள் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

"எடுக்கலையே சார்."

"மயக்கம் போட்டுட்டா!"

"இருங்க, பதறாதீங்க. மெசேஜ் அனுப்பறேன்." தட்டினாள், அனுப்பினாள், அப்புறம்தான் அவரிடம் காட்டினாள். 'தங்கள் கணவர் நலமாக உள்ளார். தயவுசெய்து பதற்றமடைய வேண்டாம். நிர்வாகம் தங்களுக்குத் துணை நிற்கும்.'

"ஐயோ மேடம்! நல்லா இருக்கிறவனைப் பத்தி எந்த ஆபீஸ் இப்படி எழுதும்?"

அவள் இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். அவள் முகமும் மாறியது. "அழிச்சுடறேன் சார்" என்று அழித்தாள். இப்போது மனைவியின் போனில், அலுவலகம் ஏதோ சொல்லவந்து சொல்லாமல் அழித்துவிட்டது என்ற அடையாளம் மட்டும் மிஞ்சியது.

கேப்டன் அதற்கு மேல் நிற்கவில்லை. பெட்டியைக் கூட எடுக்காமல் மழையில் ஓடி ஒரு டாக்ஸியை மறித்தார்.

வழியெல்லாம் நெரிசல். துடைப்பான் கண்ணாடியில் இங்கும் அங்கும் போய் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். 'நான் பைலட் இல்ல. மூணு மாசமா இல்ல. நீ யாருக்காக அழறியோ அந்த ஆள் அதுல இல்ல.' வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். கேவலமாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். அவள் உயிரோடு இருந்து காறித் துப்பினால் போதும். இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒரு நாளாவது, நீ எப்படி இருக்கே என்று கேட்டதில்லையே என்பது அந்த நெரிசலில்தான் அவருக்கு உறைத்தது. மனசு விட்டு அழுதார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

பாதி வழியில் போன் அதிர்ந்தது. பணிப்பட்டியல் அம்மாள்தான். "சார், சக்கரம் பூட்டிக்கிச்சு! பத்திரமா இறங்கிட்டாங்க!"

"அவ எடுத்தாளா?"

"இல்ல சார்."

அடுக்ககத்தின் வாசலில் இறங்கி, மீதிச் சில்லறை வாங்காமல் மூன்று மாடி ஏறினார். மாடிக்கு மாடி டாக்டர் சொன்ன இதயம் அடித்துக்கொண்டது. மணியை அடித்தார். இரண்டாவது மணிக்கும் கதவு திறக்கவில்லை. ஐந்தாவது மணிக்கும் இல்லை. கதவில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பெயரைச் சொல்லிக் கத்தினார். கதவைத் தோளால் இடித்தார்.

சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தார். நனைந்து, கண் சிவந்து, ஒரு தோள் பட்டை தொங்க நின்ற கேப்டனைப் பார்த்துத் திகைத்தார்.

"கதவை உடைக்கணும்! அம்மா உள்ள விழுந்து கிடக்கிறாங்க!"

"உள்ள யாரும் இல்லையே சார். அம்மா தினமும் போற மாதிரி சினிமாவுக்குத்தான் போயிருக்காங்க. 'அவர் இன்னிக்கு மேலயே சுத்திக்கிட்டிருக்கார், இடைவேளையோட எழுந்து ஓடி வர வேண்டாம், ஒரு படமாவது முழுசாப் பார்த்துட்டு வரேன்'னு சந்தோஷமாச் சொல்லிட்டுப் போனாங்க."