பக்கத்து வீட்டுப் பதில்

வரைபடம் வரைகிறவர்கள் கை துடைத்துக்கொள்ளும் ஓரத்தில் நிரவல் நாடு என்று ஒன்று இருந்தது. அதன் மன்னருக்குப் பகைவர்களிடம் பயமில்லை. காலிக் கட்டங்களைக் கண்டால்தான் ஆகாது. குடிமக்கள் கணக்கெடுப்பு முடிந்து தாள்கள் அரண்மனைக்கு வந்தபோது, பலவற்றில் பதில் எழுதாத கட்டங்கள் இருந்தன. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த வீட்டுத் தாளையே கிழித்துவிடுமாறு ஆணை பிறந்தது.

'ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள்?' என்ற கேள்விக்குப் பட்டினி கிடந்தவர்கள் வெட்கப்பட்டு ஒன்றும் எழுதவில்லை. அவர்களுடைய தாள்கள் போனதும் நாட்டில் பட்டினியே இல்லை என்றாகிவிட்டது. கஞ்சித் தொட்டிகளை மூடி விழா எடுத்தார்கள். ஆனால் வரி வாங்கவும் அவர்கள் பெயர் இல்லாமல் போயிற்று. கணக்கீட்டு அமைச்சர் யோசித்து இரண்டாவது ஆணையைக் கொண்டுவந்தார்: கிழித்த தாள்களை ஒட்டுங்கள், காலிக் கட்டங்களில் பக்கத்து வீட்டுப் பதிலை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆற்றோர ஊர் ஒன்றில் செங்கல் அறுக்கும் செங்கோடன் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகன் தீத்தன், ஊருக்குக் குடிதண்ணீர் கேட்டு மனு எடுத்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு முன் தலைநகர் போனவன், திரும்பவில்லை. 'மகன் எங்கே இருக்கிறார்?' என்ற கட்டத்தைச் செங்கோடன் வேண்டுமென்றேதான் விட்டுவைத்தார். காலியாக இருந்தால் யாராவது வந்து கேட்பார்கள், அப்போது சொல்லலாம் என்று காத்திருந்தார். இத்தனை நாளில் அவனைப் பற்றி அவரிடம் விசாரித்தது அந்தத் தாள் ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுப் பையன் வீட்டில்தான் இருந்தான். ஆகவே தீத்தனும் வீட்டில் இருப்பதாக எழுதப்பட்டது. காணாமல் போனோர் அலுவலகப் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டார்கள். வீட்டில் இருந்துகொண்டே அரசுக் கால்வாய் வேலைக்கு வராததால், அவன் பங்கையும் அப்பாவே வெட்ட வேண்டும் என்றார்கள். அறுபது வயதில் வெட்டினார். இரண்டு ஆள் வேலை பார்த்த உடம்போடு வந்து ஒரு ஆளுக்கு உலை வைத்தார்.

பிறகு மூன்று நாள் நடந்துபோய் அமைச்சரைப் பார்த்தார்.

"அந்தக் கட்டத்த மறுபடி காலியா ஆக்கிருங்க சாமி. காலியாக் கெடந்தாத்தானுங்க யாராச்சும் தேடுவாங்க."

அமைச்சர் கருணையோடு விளக்கினார். "பெரியவரே, காலிக் கட்டம் என்பது அரசின் மீது கூறப்படும் புகார். நிரம்பிய கட்டமே நல்லாட்சி. உமது மகன் வீட்டில் இருப்பதை அரசே உறுதி செய்திருக்கிறது. போய் அவனோடு சந்தோஷமாக இரும்."

ஊர் திரும்பிக் கதவைத் திறந்தபோது, உள்ளே அவன் இருப்பான் என்று ஒரு கணம் நம்பிவிட்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யாரும் இல்லை.

அந்த ஆண்டே தேர்தல் வந்தது. மன்னரே மன்னராக நீடிக்கலாமா என்று மக்களைக் கேட்கும் தேர்தல். செங்கோடன் வாக்குச்சாவடிக்குப் போனபோது, ஏட்டில் அவர் பெயருக்குக் கீழே தீத்தன் பெயருக்கு நேராகக் குறி போட்டிருந்தது. போனவர்கள் திரும்பாத வீடுகள் எல்லாவற்றிலும் அதே குறி.

"உங்க பையன் காலையிலயே வந்து மன்னருக்குப் போட்டுட்டாருங்க," என்றார் அதிகாரி, ஏட்டைப் பார்த்தபடி.

செங்கோடன் மேசையைப் பிடித்துக்கொண்டார். கலாட்டா செய்வாரோ என்று காவலர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கலாட்டா எதுவும் செய்யவில்லை.

"வந்தானுங்களா?" என்றார். "ரொம்ப எளைச்சிருந்தானுங்களா?"