ஏற்கெனவே வந்தவர்

மலையேறுகிறவர்களில் பல வகை உண்டு. மூச்சு வாங்குவதை மறைக்க, வளைவுக்கு வளைவு செருப்பில் கல் புகுந்துவிட்டதாகச் சொல்லி நிற்பவர் ஒரு வகை. பாரம் குறையட்டும் என்று அடிவாரத்திலேயே புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்பவர் இன்னொரு வகை. இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. இருட்டில் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்கவேண்டியது வேறொருவரிடம். அவர் கையில் ஒரு குச்சி இருக்கும். வாயில் ஒரு வாக்கியம் இருக்கும்: “நான் ஏற்கெனவே வந்திருக்கேன்.”

இவரை உங்களுக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் கை கழுவுகிற இடம் எங்கே என்று யாரும் கேட்பதற்கு முன்பே காட்டுகிறவர் இவர்தான். கூகுள் மேப் இடப்பக்கம் திரும்பச் சொன்னால், “அது சும்மா சொல்லும், நீ நேரா போ” என்கிறவரும் இவர்தான். வழி தெரிந்தவரோடு போனால் தப்பாகப் போகும்போது தெரிந்துவிடும். ஏற்கெனவே வந்தவரோடு போனால் தெரியவே தெரியாது. அவர் அவ்வளவு நிதானமாக நடப்பார்.

மாதவராஜை எடுத்துக்கொள்வோம். கடத்தூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு டைல்ஸ் கம்பெனிக்காரர்களோடு, ஏரியூர் தாண்டி இருக்கிற தொட்டிக்கல் மலைக்குப் போனார். மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறினார்கள். உச்சிப் பாறை அடியில் உட்கார்ந்து, கீழே காவிரித் தண்ணீரில் சூரியன் இறங்குவதை மாதவராஜ் ஒரு படம் எடுத்தார். இருட்டுவதற்குள் இறங்கிவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் அந்தப் படத்தின்மேல் ‘இனிய காலை வணக்கம்’ என்று எழுதி ஸ்டேட்டஸில் வைத்தார். காலையில் வைக்கிற படத்தில் வேறு என்ன எழுதுவார்கள்? நாற்பது பேர் “சூரிய உதயம் சூப்பர்” என்றார்கள். மாதவராஜ் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

முதல் வருஷம் அது ஒரு சின்னப் பொய்யாக இருந்தது. இரண்டாம் வருஷம் பழக்கமானது. நாலாம் வருஷத்தில் அந்த விடியற்காலைக் குளிரே அவருக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது.

படம் பெரிதாக்கப்பட்டு, கண்ணாடி போடப்பட்டு, கடையில் கல்லாவுக்கு மேலே ஏறியது. டைல்ஸ் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். கடைவீதியில் அவருக்கு ‘மலைக்காரர்’ என்று பெயர் வந்தது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் மனைவி கோகிலவாணி, “இவுரு ராத்திரி பூரா நடந்து போயி எடுத்ததுங்க” என்று சொல்லும்போது மாதவராஜ் அடக்கமாகத் தரையைப் பார்ப்பார். ஒரு மனிதன் நாலு வருஷத்தில் சம்பாதிக்கக்கூடிய கௌரவத்தில் முக்கால் பங்கு அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது.

பிறகென்ன, ஒருநாள் நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். “எங்களயும் கூட்டிப்போடா.”

உடனே ‘உதயம்’ என்று வாட்ஸ்அப் குரூப் பிறந்தது. ஆட்கள் மூன்று, அட்மின் ஒருவர். உரக்கடை அர்ச்சுனன், பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருக்கும் தமிழ்மணி, அப்புறம் மாதவராஜ். நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜில் சட்டதிட்டங்கள் வந்தன. டார்ச் அடிக்கக்கூடாது, கண் இருட்டுக்குப் பழகவேண்டும். தண்ணீர் குடிக்கக்கூடாது, கால் பிடித்துக்கொள்ளும். முக்கியமாக, யாரும் அவருக்கு முன்னால் நடக்கக்கூடாது.

ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ராத்திரி ஒரு மணிக்கு ஏறத் தொடங்கினார்கள்.

“இன்னும் எவ்ளோ தூரம்டா?” என்றார் அர்ச்சுனன், இருபதாவது நிமிஷத்தில்.

“பத்து நிமிஷம்.”

ஒரு மணி நேரம் கழித்து அவர் மறுபடி கேட்டார்.

“பத்து நிமிஷம்தான். போன தடவ இந்த எடத்துல பாதை நல்லா இருந்துச்சு. யாரோ கெடுத்துட்டாங்க.”

“போன தடவ இந்த முள்ளு இருந்துச்சா மாப்ள?” இது தமிழ்மணி. அவர் வேட்டி மூன்றாவது முறையாக மாட்டியிருந்தது.

“இருந்துச்சு. சின்னதா இருந்துச்சு.”

நாலரை மணிக்கு உச்சிக்கு வந்தார்கள். இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. மாதவராஜ் இருட்டிலேயே அதைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தார், தன் வீட்டுக் கதவைத் தடவுகிற மாதிரி. “இதான் எடம். இங்க சாஞ்சு உக்காருங்க. கீழ பாருங்க, காவேரி. அந்தத் தண்ணிக்குள்ள இருந்துதான் எந்திரிச்சு வரும்.” மூவரும் பாறைக்கு முதுகு கொடுத்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சினிமா கொட்டகையில் முதல் ஆட்களாக வந்து இடம் பிடித்தவர்களின் நிம்மதி அவர்கள் முகத்தில் இருந்தது.

ஆறு மணி வாக்கில் மாதவராஜுக்கு என்னவோ செய்தது. இருட்டு கலைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கலையவேண்டிய இடத்தில் கலையவில்லை. முன்னால் ஆற்றின்மேல் அது அப்படியே கிடக்க, முதுகுக்குப் பின்னாலிருந்து, பாறையின் விளிம்பு வழியாக வெளிச்சம் கசிந்தது. அப்போதுதான் நாலு வருஷமாக மறந்திருந்த ஒன்று அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குக் குளிரவில்லை. வியர்த்தது. வாயில் பிரியாணி வாசனை இருந்தது.

அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. “டேய், பாறைக்கு அந்தப் பக்கம் ஓடுங்க” என்று சொல்லலாம். சொன்னால் இவர்கள் இரண்டு பேரும் சூரியனைப் பார்த்துவிடுவார்கள். திங்கட்கிழமைக்குள் கல்லாவுக்கு மேலே இருக்கிற கண்ணாடியைக் கடத்தூரே வந்து பார்த்துவிட்டுப் போகும். கோகிலவாணி என்ன சொல்வாள் என்பதை அவர் யோசிக்கவே விரும்பவில்லை. அல்லது பேசாமல் இருக்கலாம்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவரும் அதைத்தான் செய்தார்.

“யாரும் திரும்பாதீங்க,” என்றார். “திரும்புனா ஃபீல் போயிரும்.”

“குருவியெல்லாம் பின்னாடிதான்டா கத்துது,” என்றார் தமிழ்மணி.

“பாறையில பட்டு எதிரொலிக்குது.”

“எதுத்த மலை உச்சி செவந்துபோச்சே மாப்ள,” என்றார் அர்ச்சுனன். “வெளிச்சம் எங்கிருந்துடா அடிக்குது?”

“முதல்ல அப்படித்தான் ஆகும். அப்புறம்தான் சூரியன். போன தடவையும் இதே மாதிரிதான்.”

அர்ச்சுனன் பக்தியோடு தலையாட்டினார். தமிழ்மணி ஆட்டவில்லை. மாதவராஜ் தமிழ்மணியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது திரும்பாமல் இருக்கவேண்டும். இந்த உலகத்தில் அவருக்கு அப்போது வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கழுத்து திரும்பவில்லை. ஆனால் ஆடுகள் வந்தன. ஆடுகளுக்குப் பின்னால் ஒரு பெண். மலைச்சரிவில் சாமை போடுகிற முனியாயி. அவள் நின்று மூன்று போர்வைகளையும் ஒருமுறை பார்த்தாள்.

“ஏம்பா, பாறைக்கு முதுகக் குடுத்துக்கிட்டு யாரை எதிர்பாத்து உக்காந்திருக்கீங்க?”

“சூரியன் பாக்க வந்தோம்ங்கம்மா,” என்றார் அர்ச்சுனன்.

“அதுவா. அது அந்தாண்ட வந்து அரை மணி ஆவுது.” அவள் ஓர் ஆட்டைத் தட்டி விட்டாள். “சாயங்காலம் இந்தாண்ட வரும். இருக்கிறதா இருந்தா இருங்க.”

அவள் போய்விட்டாள். தமிழ்மணி எழுந்து பாறையைச் சுற்றிப் போனார். அங்கே சூரியன் நன்றாக மேலேறி, கண் கூசுகிற நிலையில், வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தது. திரும்பி வந்து ஆற்றைப் பார்த்தார். போனை எடுத்து, குரூப்பின் முகப்பில் இருந்த அந்தப் பழைய படத்தைப் பெரிதாக்கினார். அதே ஆறு. அதே வளைவு. கடைசியாக மாதவராஜின் முகத்தைப் பார்த்தார்.

“எல்லாரும் சூரியனத்தான் பாக்குறாங்க,” என்றார் மாதவராஜ், குச்சியால் தரையைக் கீறிக்கொண்டே. “வெளிச்சம் போயி விழுற எடத்த எவன் பாக்குறான்?”

“அதானே,” என்றார் அர்ச்சுனன்.

தமிழ்மணி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி நிர்மலாதேவி.

“பாத்தீங்களா? என் தங்கச்சி நிச்சயத்துக்குக்கூட வராம போனீங்கல்ல, அப்படி என்னதான் வந்துச்சுன்னு நானும் பாக்குறேன். போட்டோ அனுப்புங்க.”

“பாத்தேன், பாத்தேன். அற்புதமா இருந்துச்சு. டவர் இல்ல, இரு, அனுப்புறேன்.”

போனை வைத்தார். தூரத்தில் ஆட்டு மணி கேட்டது.

“மாப்ள,” என்றார் தமிழ்மணி, குரலைத் தாழ்த்தி. “அந்தப் பழைய போட்டோ கிளியரா வச்சிருக்கியா? எனக்கு ஒண்ணு அனுப்பு.”

மாதவராஜ் அனுப்பினார். அர்ச்சுனனுக்கும் அனுப்பினார். ஏழரை மணிக்கு மூன்று பேர் ஸ்டேட்டஸிலும் காவிரியில் சூரியன் உதித்தது. இறங்கும்போது தமிழ்மணி கையிலும் ஒரு குச்சி இருந்தது. இப்போது அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்காக ஒரு குரூப் ஆரம்பித்திருக்கிறார்.

அந்தப் படம் இத்தனை நாளில் உங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கும். தண்ணீர், தண்ணீருக்குமேல் சிவப்பாக ஒரு வட்டம், காலை வணக்கம். நீங்கள் பதிலுக்குக் கும்பிடு போட்டீர்கள். அது தப்பில்லை. ஆனால் கீழே இன்னொரு வரி எழுதினீர்களே, ‘இந்த இடம் எனக்குத் தெரியும், நான் ஏற்கெனவே போயிருக்கேன்’ என்று?