வளவு வழியே போன ரயில்

எங்கள் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டது சரிதானா என்பதில்தான் ஊரில் இன்னும் இரண்டு கருத்து இருக்கிறது.

அறுபதுகளின் கடைசி. ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, காரைக்குடியிலிருந்து கொத்தமங்கலம் போகிற பக்கத்தில் ஓர் ஊரில் எனக்கு வேலை கிடைத்தது. (ஊர்ப் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் பலரும் இன்னும் நல்ல ஞாபகத்தோடு இருக்கிறார்கள்.) ஆரம்பப் பள்ளி. ஆசிரியர்கள் இரண்டே பேர். மூன்று முதல் ஐந்து வரை ஹெட்மாஸ்டருக்கு, ஒன்றும் இரண்டும் எனக்கு. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் தமிழ்நாட்டுக் கல்வியையே நான்தான் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறேன் என்கிற நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

பள்ளிக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. சென்னைக்குக் குடிபோன ஒரு செட்டியார் குடும்பம் தங்கள் வீட்டின் முன் கூடத்தையும் அதை ஒட்டிய ஓர் அறையையும் பள்ளிக்கு விட்டிருந்தது. அறையில் ஹெட்மாஸ்டர் வகுப்பு, கூடத்தில் என் வகுப்பு. இந்தப் பக்கத்து வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவே வளவு என்கிற பெரிய முற்றம், அதைத் தாண்டி இன்னொரு கட்டு, அப்புறம் அடுப்படி. எங்கள் கூடத்துக்கும் வளவுக்கும் நடுவில் ஒரு தேக்குக் கதவு எப்போதும் சாத்தியே கிடக்கும். அதற்கு அந்தப் பக்கம், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மீனாள் அக்காவின் ராஜ்யம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து பெயர் சேர்த்து முடித்தபோது ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி வராது.

"டீச்சர், ரெண்டு பிள்ளை குறையுது. மாசக் கடைசிக்குள்ள சேரலைன்னா ரெண்டாவது டீச்சர் வேணாம்னு உங்களத் தூக்கிருவாக."

"எங்குட்டு சார் போடுவாக?"

"கடக்கரைப் பக்கம் எங்குட்டாச்சும். ஒரு நாளைக்கு ஒரு பஸ்சு. அதுவும் வந்தாத்தான்."

வீட்டில் எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளைக்குக் காரைக்குடியில்தான் வேலை. நான் கடற்கரைக்குப் போனால் அந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போகும் என்று அம்மா அப்போதே அழத் தயாராக இருந்தாள். (மாப்பிள்ளை போட்டோவில் நன்றாக இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

அப்போதுதான் பினாங்கிலிருந்து வள்ளியம்மை ஆச்சி வந்திறங்கினார். ஆச்சி என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த வீடுகளில் கழுத்தில் தாலி ஏறினாலே ஆச்சிதான். என்னைவிட நாலைந்து வயது பெரியவர், அவ்வளவே. கணவர் அங்கேயே வியாபாரத்தில் இருக்க, பிள்ளைகள் சொந்த ஊரில் படிக்கட்டும் என்று இவர் மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெண் உமையாள், பையன் சொக்கலிங்கம். கூட்டினால் இரண்டு! வீடும் எங்கள் பள்ளியின் பின்வாசல் தெருவிலேயே. கடவுள் எனக்காகக் கப்பல் ஏற்றி அனுப்பியிருக்கிறார் என்று முடிவுகட்டி, சேதி என் காதுக்கு வந்த அன்று மாலையே போய் நின்றேன்.

ஆச்சி காபி கொடுத்தார், நேராகவே கேட்டார்.

"காரைக்குடியில இங்கிலீசு பள்ளிக்கூடம் இருக்கு. வீட்டுல காரு இருக்கு, டிரைவர் இருக்காரு. இங்கன எதுக்கு விடணும்? நீங்களே சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன். காபி ஆறி ஆடை படிகிற வரை சொன்னேன். காற்றோட்டமான கட்டடம், மத்தியானச் சாப்பாடு, ஆட்டம் பாட்டத்தோடு பாடம், ஒழுக்கம், அதிலும் என் வகுப்பின் ஒழுக்கம். அந்த இரண்டு பிள்ளைகளும் ஆச்சியின் சேலைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றன. வந்த நாளிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையாம், வாசலைத் தாண்டவில்லையாம். "எந்தப் பள்ளிக்கூடமா இருந்தாலும் இதுக எப்புடி இருக்கப்போகுதுன்னுதான் எனக்கு ராத்திரித் தூக்கம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே பின்னால் கைவிட்டுப் பையன் தலையைத் தடவினார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நானோ, "வியாழக்கிழமை காலையில நீங்களே வந்து என் வகுப்பைப் பாருங்க" என்று சவால் விட்டுவிட்டு வந்தேன்.

என் துருப்புச்சீட்டு ரயில் விளையாட்டு. முன்னால் நிற்பவர் சட்டையைப் பின்னால் நிற்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும், என்ன ஆனாலும் விடக் கூடாது. ஒரு விசில் ஊதினால் ரயில் புறப்பட்டுக் கூடத்துத் தூண்களைச் சுற்றும், இரண்டு ஊதினால் நிற்கும். இன்ஜினாக வெள்ளைச்சாமியைப் போட்டேன். அவன் பள்ளியை விட்டு ஓடுவதில் ஊரறிந்த ஆள். முன்னால் நிறுத்தினால் என் கண்ணிலேயே இருப்பான் என்பது என் மூளை கண்டுபிடித்த வழி. ஒத்திகையில் ரயில் அழகாக ஓடி அழகாக நின்றது. ஹெட்மாஸ்டர் மட்டும், "ரொம்ப ஆட வேணாம் டீச்சர், வாய்ப்பாடு சொல்லவிட்டாப் போதும்" என்றார். வயதானவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஆச்சி தனியாக வந்தார். பிள்ளைகள் வரமாட்டோம் என்று அழ, சமையல்கார அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். நான் மெனக்கெட்டு முன்வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். (வெள்ளைச்சாமி விஷயத்தில் நான் ஏமாந்தவள் இல்லை!) பிறகு, காற்றோட்டம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதைக் காட்ட வேண்டுமே என்று அந்தத் தேக்குக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவைத்தேன். வெளிச்சமும் காற்றும் கூடத்துக்குள் வந்தன. ஆச்சியும், "ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விசிலை எடுத்து ஊதினேன்.

ரயில் புறப்பட்டது. முதல் தூணைச் சுற்றியது. இரண்டாவது தூணைச் சுற்றும்போது இன்ஜின் அந்தத் திறந்த கதவைப் பார்த்தது. கதவுக்கு நேரே வளவு, வளவுக்கு நேரே அடுப்படி நடை, அதற்கும் நேரே, மீனாள் அக்கா தண்ணீருக்குப் போனபோது திறந்துபோட்ட பின்வாசல், அதில் அடுத்த தெரு பளிச்சென்று தெரிந்தது.

வெள்ளைச்சாமி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "கூ...!" என்று ஒரு சத்தம். ரயில் தடம் மாறி வளவுக்குள் இறங்கியது. நான் பதறிப்போய் விசில் ஊதினேன், ஊதிக்கொண்டே இருந்தேன். ஒன்று என்றால் புறப்படு, இரண்டு என்றால் நில் என்று சொல்லிக்கொடுத்தவள், விடாமல் ஊதினால் என்ன அர்த்தம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. வேகமாகப் போ என்று எடுத்துக்கொண்டார்கள் போல. மீனாள் அக்கா வளவு முழுக்கக் காயப்போட்டிருந்த வத்தல் மேல் ஏறி, அடுப்படி நடையைத் தாண்டி, ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு பிள்ளைகூட முன்னால் போகிறவர் சட்டையை விடவில்லை. ஒழுக்கம் என்று நான் சொன்னது பொய்யில்லை.

கூடத்தில் ஆச்சியும் நானும் கரும்பலகையும் மிஞ்சினோம்.

"பிள்ளைகளை எங்கன அனுப்பியிருக்கீக டீச்சர்?" என்று ஆச்சி மரியாதையாகக் கேட்டார்.

"இந்தா, இப்ப வந்துருவாக ஆச்சி" என்று சொல்லிவிட்டு ஓடினேன். வளவில் வத்தல் என் செருப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு கால் செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, "பிடிங்க, பிடிங்க!" என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினேன். மாப்பிள்ளை, வேலை, கடற்கரை, ஒரு நாளைக்கு ஒரு பஸ் எல்லாம் கண்முன்னே வந்துபோயின. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்ததும் அவை எல்லாம் மறந்துபோய், மீதிச் செருப்பையும் உதறிவிட்டு ஓடினேன்.

தெருக்கோடியில் சுல்தான் பாய் கடை. பாய் கடைவாசலில் ஒரு சிவப்புத் துண்டை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார். அவருக்கு எதிரே, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒழுங்காக என் ரயில்.

"எதுக்கு டீச்சர் இந்த ஓட்டம் ஓடுறீக? வண்டி ஸ்டேசன்லதான் நிக்கிது" என்றார். பிறகு வரிசையைப் பார்த்துக்கொண்டே போனார். "இவன் அரியக்குடியாரு மகன், தண்ணியக் குடிடா. இது நம்ம தையக்காரர் மக, முழங்கால்ல செராச்சிருக்கு, எண்ணெய் போடு ஆத்தா. அடே வெள்ளச்சாமி, ஒங்கய்யா வயல்லருந்து வரட்டும்!" எதிர்வீட்டு அம்மா ஒருத்தி அந்த முழங்காலுக்கு எண்ணெய் போட்டுவிட்டு, கையோடு யாருக்கோ மூக்கையும் துடைத்துவிட்டாள். தெருவில் போய்க்கொண்டிருந்த தயிர்க்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டு, வால்பக்கத்துப் பிள்ளைகள் சிதறாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பாய் ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்து, சிவப்புத் துண்டை மடித்து, வண்டியைத் திருப்பிவிட்டார்.

நான் இன்ஜினின் காதைப் பிடித்தபடி முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை, தலையை நிமிர்த்தவும் தைரியம் இல்லை. ஏனென்றால் பின்வாசலில் ஆச்சி நின்றுகொண்டிருந்தார், நடந்த அத்தனையையும் பார்த்தபடி.

கூடத்துக்குள் வந்ததும் ஹெட்மாஸ்டர் பிள்ளைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர்."

"எத்தனை சார் குறையுது?" என்றேன்.

"ரெண்டு கூடுது."

பிள்ளைகளைத் தொலைத்தது போதாதென்று யார் வீட்டுப் பிள்ளையையோ பிடித்துக்கொண்டும் வந்துவிட்டேன்! ரயிலின் வாலைப் பார்த்தேன். தயிர்க்காரி பிடித்துக்கொண்டு நின்ற வால்பக்கத்தில், பினாங்கு நைலான் கவுனில் உமையாள். அந்தக் கவுனைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் கடலைமிட்டாயும் வாயெல்லாம் சிரிப்புமாகச் சொக்கலிங்கம். "கூ!" என்றான் அவன். அதுதான் அவன் இந்த ஊரில் பேசிய முதல் வார்த்தை.

நான் ஆச்சியைப் பார்த்துக் கைகூப்பினேன். "மன்னிச்சுக்கங்க ஆச்சி, எனக்குச் சத்தியமாத் தெரியாது..."

"எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளருந்து ஓடியாந்து தொத்திக்கிட்டதைப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். கூப்பிட மனசு வரலை" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கப்பலை விட்டு எறங்குனதுல இருந்து இதுக சிரிச்சு நான் இன்னிக்குத்தான் பாக்குறேன். நீங்க அன்னைக்கு அம்புட்டு நேரம் சொன்னீகளே டீச்சர், அதுல ஒண்ணும் எனக்கு மனசுல நிக்கலை. காரைக்குடித் தெருவுல எம்பிள்ளை ஓடிப்போனா யாரு மகன்னு யாருக்குத் தெரியும்? இங்க ஊரே நின்னு புடிச்சுக் குடுக்குது, முழங்காலுக்கு எண்ணெயும் போட்டு. சேத்துக்கங்க. இனிமே எறங்கச் சொன்னாலும் எறங்காதுக."

ஹெட்மாஸ்டர் காலத்தை வீணாக்கவில்லை. அப்போதெல்லாம் ஒன்றாம் வகுப்பில் சேர வயசுக்குச் சான்று, கை தலைக்கு மேலாகப் போய் எதிர்ப்பக்கக் காதைத் தொட வேண்டும், அவ்வளவுதான். உமையாள் சுலபமாகத் தொட்டாள். சொக்கலிங்கத்தின் விரல் காதுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. "தலையைச் சாச்சுக்க ராசா, இன்னும் கொஞ்சம்" என்றார் ஹெட்மாஸ்டர். சாய்த்தான், தொட்டான். என் வேலை தப்பியது.

கல்யாணமும் நடந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கும் நான் எதையாவது கொஞ்சம் பெருமையாகப் பேச ஆரம்பித்தால், என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "பின்வாசல் சாத்தியிருக்கா?" என்று கேட்பார். பிள்ளைகள் அவரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள், மருமகள் வந்த மூன்றாம் நாளே கேட்டாள்.

சொக்கலிங்கத்தின் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அதே மாதிரி முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் ஒரு தெரு வீடு. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை மணையை விட்டு எழுந்து வந்து, எனக்குப் பின்னால் நின்று என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டான். அவன் துண்டை உமையாள் பிடித்தாள், அவளுக்குப் பின்னால் ஏழு கழுதை வயதான வெள்ளைச்சாமி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பந்திக்குப் போகிற கூட்டம் முழுக்க வரிசையில் வந்து தொத்திக்கொண்டது. ஆச்சி அழுகையும் சிரிப்புமாகக் கத்தினார்.

"யாராச்சும் போயி அந்தப் பின்வாசலைச் சாத்துங்கப்பா!"