முத்துசெல்வி விழிப்புணர்வு பெற்ற வரலாறு

எழுதிப் பழக்கமில்லாத ஒருவர் எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் முதற்கண் பொறுத்தருள வேண்டும். இதில் பிழையிருந்தால் அது என்னுடையது. பெருமை இருந்தால் அது முழுவதும் தலைமையாசிரியர் திரு. சுந்தரபாண்டியன் அவர்களையே சேரும். சமூக ஊடகம் என்னும் பூதத்தை, கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு பள்ளி மைதானத்தில், ஒரே பிற்பகலில் அடக்கிக் காட்டிய பெருந்தகை அவர்.

சமூக ஊடகத்தின் தீய விளைவுகளை மாணவருக்குக் கற்பிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. கற்பித்ததைப் படம்பிடித்துச் சமூக ஊடகத்தில் பதிவேற்ற வேண்டும் என்றும் அதுவே பணித்தது. அதிக 'லைக்' பெறும் பள்ளிக்குக் கேடயம்.

கைப்பேசியோடு பிடிபடும் மாணவரை வெயிலில் நிறுத்துவது அப்பள்ளியின் மரபு. விழிப்புணர்வு நாளன்று மட்டும், பள்ளியின் முகநூல் பக்கத்துக்கு லைக் போட ஏதுவாக, கைப்பேசி கொண்டுவராதவர்கள் வெயிலில் நிறுத்தப்பட்டார்கள்.

நாடகத்தை எழுதியவர் சமூக அறிவியல் ஆசிரியர் சாமுவேல்ராஜ். யாருக்கும் இடைஞ்சல் ஆகிவிடக் கூடாதே என்று வராந்தாவில் சுவரை ஒட்டியே நடப்பவர். கைப்பேசியால் சீரழியும் பெண்ணாக நடிக்கவிருந்த ஆஸ்லின் கடைசி நேரத்தில் வந்து நின்றாள்.

"அப்பா வேண்டாம்ட்டாவ சார். வீடியோல மூஞ்சி வரக்கூடாதாம்."

சாமுவேல்ராஜ் கலங்கிப்போய் மைதானத்தைப் பார்த்தார். வெயிலில் முத்துசெல்வி நின்றுகொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு, வேலங்கரைப்பட்டியில் ஆடு வளர்க்கும் குடும்பம்.

"உங்க வீட்ல போனே கிடையாதா, ஏட்டி?"

"பட்டன் போனுதான் சார். அதையும் அம்மா ஆடு மேய்க்கக் கொண்டு போயிருவாவ."

"சரி. போனால கெட்டுப்போன பிள்ளையா நடிக்கணும்."

"நானா சார்?"

"நிழல்லதாம்மா நடிக்கணும்."

அவள் உடனே சம்மதித்தாள்.

சாமுவேல்ராஜ் கதாபாத்திரத்துக்கு 'கலா' என்று பெயர் வைத்திருந்தார். "கற்பனைப் பேரு போட்டா உண்மைத்தன்மை வராது சார். பிள்ளை சொந்தப் பேரும் ஊரும் சொல்லட்டும். பாக்குத ஒரு பிள்ளையாவது விளைவை முழுசா உணரணும்லா" என்றார் தலைமையாசிரியர். சாமுவேல்ராஜுக்கு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. பணிவு கருதி அதை விழுங்கிக்கொண்டார்.

"என் பேரு முத்துசெல்வி, ஊரு வேலங்கரைப்பட்டி. அம்மாவுக்குத் தெரியாம ஒருத்தன்கூட போன்ல பழகினேன். இப்ப என் மானமே போச்சு" என்று கூறி அவள் விம்மி அழுதாள். படம்பிடித்தவருக்கே கண் கலங்கியது.

"எப்படிட்டி இப்படி அழுதே?" என்று வியந்தார் சாமுவேல்ராஜ்.

"எங்க வெள்ளக்குட்டிய நாலுவழிச் சாலைல லாரி அடிச்சிட்டு சார். அதை நெனச்சுக்கிட்டேன்."

பதிவேற்றும்போது, தொடக்கத்தில் 'இது ஒரு நாடகம்' என்று வந்த பகுதியைத் தலைமையாசிரியர் தம் கையாலேயே நீக்கினார். எடுத்த எடுப்பில் கண்ணீர் வராவிட்டால் பார்ப்பவர்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்ற ஊடக ஞானம் அவருக்கு இருந்தது. அந்த ஞானம் பொய்க்கவில்லை. நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். வேலங்கரைப்பட்டி முழுவதும் பார்த்தது, முத்துசெல்வியின் வீட்டைத் தவிர.

புதன்கிழமை அவள் தாய் சீனித்தாய், ஆடுகளைப் பள்ளி வேலியோரம் விட்டுவிட்டு அலுவலக அறைக்கு வந்தார்.

"பாலத்துல உக்காந்திருக்க பயலுவ போனைக் காட்டி, இது ஒம்மவதானன்னு கேக்கானுவ சார். நாடகம்னு எனக்குத் தெரியும். ஊர்ல யாரு நம்புதா? அவிய பாத்ததுல நாடகம்னு ஒரு எழுத்துகூட இல்லியே. பள்ளிக்கூடம் போனது போதும், புதியம்புத்தூருக்குத் தையல் வேலைக்குப் போட்டும்னு அவ அப்பா ஒத்தக்கால்ல நிக்காவ. அந்தப் படத்தை எடுத்துட்டு, ஊர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க சார். வாத்தியார் சொன்னா அவிய கேப்பாவ."

தலைமையாசிரியர் கனிவோடு தலையசைத்தார்.

"பாத்தீங்களாம்மா, ஒரு துண்டு வீடியோ ஒரு பிள்ளையோட படிப்பையே கெடுத்துருது. இதைத்தான் நாங்க தொண்டை வத்தச் சொல்லிக் கொடுக்குதோம்."

சீனித்தாய் சாமுவேல்ராஜைப் பார்த்தார். சாமுவேல்ராஜ் தரையைப் பார்த்தார். பிறகு, "சார், வீடியோவ எடுத்துருவமா?" என்று மெல்லக் கேட்டார்.

"லைக்கெல்லாம் போயிரும்லா. வெள்ளிக்கிழமை கேடயம். வாங்கிட்டு எடுத்துருவோம்."

"நானாவது ஊருக்குப் போய்ச் சொல்லிட்டு..."

"தாராளமா போங்க. போனா ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்க. 'வீடு வீடாக விழிப்புணர்வு'ன்னு போட்டுருவோம்."

சாமுவேல்ராஜ் அன்று போகவில்லை. கேடயம் வாங்கும் முன் போவது மேலதிகாரிக்கு மரியாதைக் குறைவாகிவிடும் என்று அஞ்சினார். வெள்ளிக்கிழமை பள்ளி கேடயம் வாங்கிய விழாவில் பின்வரிசையில் நின்று, பிறர் நிறுத்திய பிறகும் சற்று நேரம் கைதட்டினார். சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு, என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தபடி வேலங்கரைப்பட்டிக்குச் சென்றார்.

சீனித்தாய் ஆட்டுப்பட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"கம்பெனி வேன் விடிய வந்துட்டு சார். பிள்ளைய ஏத்தி விட்டுட்டேன்."

"நான் ஊர்ல சொல்லலாம்னுதாம்மா வந்தேன்."

"ஊர்ல எல்லாரும் பருத்திக்காட்டுக்குப் போயிட்டாவ. இங்கன ஆடுதான் நிக்கி. அதுககிட்டச் சொல்லிட்டுப் போங்க சார்."

வாசகர்கள் தலைமையாசிரியரைக் குறைத்து எண்ணிவிடக் கூடாது. ஒரு பிள்ளையாவது விளைவை முழுசாக உணர வேண்டும் என்று அவர் சொன்னார். ஒரு பிள்ளை முழுசாக உணர்ந்துவிட்டது. இப்படிச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பள்ளி இந்தக் கரிசல் சீமையில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இழப்பையும் பணிவுடன் தெரிவித்து முடிக்கிறேன். பள்ளிக்கு இழப்பு ஏதுமில்லை. சாமுவேல்ராஜுக்கு வண்டி போய் வந்த பெட்ரோல். சீனித்தாய்க்கு, முன்பே போன வெள்ளைக்குட்டியைச் சேர்க்காமல், ஊருக்குள் தலைநிமிர்ந்து நடந்த நடை. முத்துசெல்விக்குப் பெயர், பத்தாம் வகுப்பு. காணொளி மட்டும் பத்திரமாக இருக்கிறது, இன்றைக்கும் பார்க்கலாம்.