எல்லாம் சரியாக இருந்த நாள்

கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை. மேசைக்கு அடியில் புகுந்து எல்லா ஒயர்களையும் பிடுங்கிச் செருகிவிட்டு எழுந்தபோது, அவர் தலையில் ஒரு புடைப்புதான் மிச்சம்.

அது மனைவியின் கம்ப்யூட்டர். பிறர் கையால் எழுதிக் கொடுக்கும் புத்தகங்களை வீட்டிலேயே தட்டச்சு செய்து, பிழை திருத்திக் கொடுப்பது அவள் தொழில். காலையில், "நான் போறேன்" என்றாள். பேப்பரை இறக்காமலே "ம்" என்றார். கதவு சாத்திய ஓசை அடங்கியதும் அதில் ஒரு சதுரங்க விளையாட்டை இறக்கினார். விளையாட்டும் வரவில்லை, இருந்த சத்தமும் போயிற்று.

போன மாதம் இப்படித்தான் கை வைத்து அவளுடைய நாலு நாள் உழைப்பை அழித்திருந்தார். அவள் கத்தவில்லை. "இன்னொரு தடவை இதைத் தொட்டீங்கன்னா நான் இங்க இருக்கிறதுல அர்த்தமே இல்லை" என்று மெதுவாகச் சொன்னாள். இப்போது கடிகாரத்தைப் பார்த்தார். பதிப்பகத்துக்குத்தான் போயிருப்பாள். போனால் ஐந்து மணிக்குத் திரும்பிவிடுவாள். அதற்குள் எதுவுமே நடக்காத மாதிரி ஆக்கிவிட வேண்டும்.

அவர் பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். டிப்போவில் 'நிபுணர்' என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த டிக்கெட் கிளார்க்குக்குப் போன் போட்டார்.

"இதுக்கா சார் இந்தப் பதற்றம்? முந்தின தேதிக்குத் திருப்பிடுங்க. கம்ப்யூட்டர் அப்பப்ப எப்படி இருந்ததுன்னு அதுவே குறிச்சு வச்சிருக்கும். தேதிப் பட்டியல் வரும். எல்லாம் சரியா இருந்த நாளாப் பார்த்து அமுக்குங்க. அதுக்கப்புறம் நடந்தது எதுவும் நடக்கலைன்னு ஆயிடும்."

"அவ எழுதி வச்சதெல்லாம்?"

"அது அப்படியே இருக்கும். புரோகிராம்தான் மாறும்."

"மனுஷனுக்கு இப்படி ஒண்ணு இருந்தாத் தேவலை."

"இருந்தா எந்தத் தேதிக்கு சார் போவீங்க?"

"கல்யாணத்துக்கு முந்தின நாளுக்கு."

இருவரும் நன்றாகச் சிரித்தார்கள்.

பட்டியலில் நேற்றைய தேதி இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தாராளமாக மூன்று மாதம் பின்னால் போனார். சத்தம் வந்தது. இவ்வளவுதானா என்று காலை நீட்டி உட்கார்ந்தவரின் கண், பக்கத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த பிரிண்டர் மேல் விழுந்தது. அப்படி ஒரு பிரிண்டரையே தனக்குத் தெரியாது என்று சாதித்தது கம்ப்யூட்டர்.

"பிரிண்டர் எப்ப வாங்கினது சார்?" என்றார் நிபுணர்.

"அது போன வருஷமே வாங்கியாச்சு."

"நிச்சயமா?"

"என் வீட்டுப் பிரிண்டர்யா. எனக்குத் தெரியாதா?"

"அப்ப இன்னும் பின்னால போங்க."

ஏழு மாதம் பின்னால் போனார். பிரிண்டர் வரவில்லை. அவள் தட்டச்சு செய்யும் மென்பொருளும் சேர்ந்து காணாமல் போனது. முடித்து வைத்திருந்த புத்தகத்தைத் திறந்தால் பக்கம் பக்கமாக எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. அப்போதுதான் பிரிண்டரின் பக்கவாட்டில் அவள் ஒட்டியிருந்த ரசீதைப் படித்தார். வாங்கியது போன மாதம்.

"சரி, முன்னால வாங்க சார்."

"வழியில்லை. பின்னால போனதும் அதுக்கப்புறத் தேதியெல்லாம் அழிஞ்சுபோச்சு. பட்டியல்ல ஒரே ஒரு தேதிதான் பாக்கி. சரியா ஒரு வருஷத்துக்கு முந்தினது."

"அப்ப அங்கேயே போயிடுங்க. ஆரம்பத்துல எல்லாம் சரியாத்தானே இருந்திருக்கும்?"

போனார். கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அடித்தார். எட்டு மாதத்துக்கு முன், "உங்களுக்கு நினைவுல நிக்கிறது இவ்வளவுதான்" என்று சொல்லி அவள் மாற்றிக் கொடுத்தது அது. ஏற்கவில்லை.

"அன்னைக்கு இருந்த பாஸ்வேர்டைத்தான் சார் கேட்கும். மேடம்கிட்ட கேட்டுக்குங்க. எனக்குக் கவுன்டர்ல கூட்டம்" என்று நிபுணர் போனை வைத்துவிட்டார்.

திரையில், மறந்தவர்களுக்காக அவள் எழுதி வைத்திருந்த குறிப்பு வந்து நின்றது: 'நான் காத்திருக்கும் நாள்.'

அவருக்குச் சட்டென்று மனசு இளகிவிட்டது. வாய் திறந்து ஒன்றும் சொல்லாதவள், உள்ளுக்குள் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாளே. வேறு எந்த நாளாக இருக்கும்? தான் ஓய்வுபெற்று முழுநேரமும் வீட்டில் இருக்கப்போகிற நாள்தான். நம்பிக்கையோடு அந்தத் தேதியை அடித்தார். தவறு.

கல்யாண நாளை அடித்தார். தவறு. வருஷத்தில் ஒரு சந்தேகம் வந்து, ஒன்றைக் குறைத்தும் பார்த்தார். அதுவும் தவறு. அவள் பிறந்த நாள் மழைக்காலத்தில் வரும் என்பது வரை தெரியும். மழைக்காலத்தில் எத்தனை நாள் இருக்கின்றன.

மணி நாலே முக்கால். வேறு வழியில்லாமல் மனைவியின் தங்கைக்குப் போன் செய்தார்.

"உங்க அக்கா பிறந்த நாள் என்னைக்கும்மா?"



"இதைக் கேட்க உங்களுக்கு இருபத்தாறு வருஷம் ஆச்சா அத்தான்?"

"கோவிச்சுக்காதே. அவ கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேட்குது, போன வருஷத்தது. அவ வர்றதுக்குள்ள இதைச் சரி பண்ணியாகணும். 'நான் காத்திருக்கும் நாள்'னு எழுதி வச்சிருக்கா. கல்யாண நாள் போட்டாச்சு, நான் ரிட்டயர் ஆகிற நாளும் போட்டாச்சு. எதுக்கும் மசிய மாட்டேங்குது."

"அது எனக்குத் தெரியும் அத்தான். எங்கிட்ட சொல்லியிருக்கா. இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கிறேன்னு அவளே குறிச்ச கெடு அது."

"கெடுவா? எந்தத் தேதி?"

"இன்னைய தேதியைப் போடுங்க. அக்கா பெட்டியோட இங்க வந்து இறங்கியாச்சு."