பதினெட்டாவது ஐயகோ

இல்லவே இல்லை. மூன்றாம் மாடி கெர்வெல்லா பெண்டாட்டியை அடிக்கிறார் என்று ரொட்டிக்கடை வரிசையில் பேசுகிறவர்கள் பேசட்டும். சுவரைத் தாண்டிக் கேட்கிற அந்த அலறல் அவருடையதேதான். மனிதர் மொழிபெயர்க்கிறார்! பழைய கிரேக்க சோக நாடகத்தைப் பிரெஞ்சில் கொண்டுவருகிறார்.

பாரிஸில் தெருவுக்கு ஒருவராவது இருக்கும் இனம் இது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோட்டின் முழங்கை தேய்ந்திருக்கும், காதில் பென்சில் இருக்கும், தமக்கு முன்னால் அதே நாடகத்தை மொழிபெயர்த்த பதினேழு பேரும் முட்டாள்கள் என்கிற நிம்மதி முகத்தில் இருக்கும். மாடிப்படிக் கைப்பிடியில் விரலால் தட்டி, வரிக்குப் பன்னிரண்டு அசை எண்ணிக்கொண்டே இறங்குவார். எதிரே வருகிறவர் வணக்கம் சொன்னால் போச்சு, மறுபடி மேலே ஏறி முதல் படியிலிருந்து ஆரம்பிப்பார். எண்ணி முடித்தால் சந்தோஷப்படுவாரா? அதுவும் கிடையாது.

கெர்வெல்லாவுக்குப் பத்தொன்பது வருஷமாக ஒரே ஒரு இடம் உதைத்தது. செத்த பிள்ளையின் மேல் விழுந்து தாய் கதறுகிற ஒற்றைக் கதறல். பதினேழு பேரும் அங்கே 'ஐயகோ' என்றுதான் போட்டிருந்தார்கள்.

"இந்த ஊர்ல எவ ஐயகோன்னு அழறா? நீ அழுது காட்டு பாப்போம், ஒதில்!" என்பார் மனைவியிடம்.

"உன்னைக் கட்டினதுக்குத் தாராளமா அழலாம். சூப் ஆறுது, வா."

நாடகக் குழு கெடு வைத்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பிரதி வராவிட்டால் பதினேழாமவர் செய்ததையே மேடையேற்றுவார்களாம். அந்தப் பதினேழாமவர் யார்? இவரிடமே கிரேக்கம் படித்த பையன்!

வெள்ளிக்கிழமை காலையிலும் மனிதர் ஜன்னலோரம் நின்று விதவிதமாக அலறிப் பார்த்தார். திரும்பினால், மேஜையில் பிரதியைக் காணோம். ஒதில் அதைக் காய்கறிக் கூடையில் போட்டுக்கொண்டு நாடகக் கொட்டகைக்குக் கிளம்பிவிட்டாள், கதறல் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்க.

அவர் மாடிப்படிக்கு ஓடி, கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தார். தெருக்கதவு சாத்திக்கொண்டது.

"ஐயகோ!"

ஆறு மாடியும் அதிர்ந்தது. ரொட்டிக்கடை வம்புக்குத் தலைவியான மதாம் பிரிஷே கீழ்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தினமும் கத்துறதுதானே, மொசியே! ஆனா இன்னிக்குத்தான் நிஜமா அழறீங்க."

கெர்வெல்லா காதிலிருந்த பென்சிலை உருவிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, ஒரு படியைக்கூட எண்ணாமல் இறங்கி, கதவைத் தள்ளித் தெருவில் ஓடினார். அந்த ஒரு சொல்லைச் சேர்க்க.

நமக்குக் கிரேக்கமும் தெரியாது பிரெஞ்சும் தெரியாது, நமக்கென்ன என்கிறீர்களா? சரி. இந்தக் கதையையே இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்லியிருக்கலாம் என்று நடுவில் ஒரு நினைப்பு வந்ததே, அது யாருக்கு? தட்டிக்கொண்டிருந்த அந்த விரலைக் காட்டுங்கள், பார்ப்போம்.