முழுசாகத் திருப்பித் தர வேண்டியவை

உலோகங்களின் வலிமையை ஆராய்வதற்கென்றே நிறுவப்பட்ட எங்கள் ஆய்வுக்கூடத்தில் சென்ற மாதம் ஒரு கம்பி முறிந்தது. சலவைக் கடையில் துணி நனைவது எப்படியோ, எங்களிடம் கம்பி முறிவது அப்படி. இரண்டு முனையையும் தாங்கி வைத்து, நடுவில் அழுத்துவோம். எத்தனை கிலோவில் முறிகிறதோ அதை எழுதிக்கொள்வோம். இதற்குத்தான் சம்பளம்.

இது சாதாரணக் கம்பி அல்ல, அச்சிட்ட கம்பி. எங்கள் இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்ததிலிருந்து, உருக்குவது, வார்ப்பது, அடிப்பது எல்லாம் கற்காலத்து வழக்கம் என்று ஆகிவிட்டது. உலோகப் பொடியைத் தூவி, லேசரால் உருக்கி, அடுக்கு மேல் அடுக்காகக் கம்பியை அச்சிடும் மெஷின் ஒன்று வந்தது. பேப்பர் வெயிட், பேனா ஸ்டாண்டு, இயக்குநரின் பெயர்ப்பலகை என்று வரிசையாக அச்சிட்டார்கள். கடைசியில் ஒரு பால்கனிக்குக் கைப்பிடிக் கம்பிகள்.

நூற்றைம்பது கிலோ தாங்க வேண்டிய கம்பி இருபத்திரண்டில் போய்விட்டது. போன விதமும் சரியில்லை. நல்ல இரும்பு முறிவதற்கு முன் வளைந்து கொடுத்து, நம்மை எச்சரித்துவிட்டுத்தான் போகும். இது சாக்பீஸ் மாதிரி பட்டென்று போனது. முறிந்த இடத்தைத் தொட்டேன். உருகாத பொடி விரலில் ஒட்டியது.

"அண்ணே, இது எந்தக் கட்டடத்துக்கு?" என்று மெஷின் இயக்குபவரைக் கேட்டேன்.

அவர் சீட்டைப் பார்த்தார். அதன்பின் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நம்ம குழந்தைகள் காப்பகம்மா. ரெண்டாம் மாடி."

அலுவலகக் காப்பகம் அடுத்த திங்கட்கிழமை இரண்டாம் மாடிக்குக் குடிபோக இருந்தது. பதினேழு குழந்தைகள். அதில் ஒருத்தி என் மகள். பத்து மாதம். நாற்காலிக் கால், வாளி விளிம்பு, என் புடவை என்று எது கைக்குக் கிடைத்தாலும் பிடித்து எழுந்து நிற்கிற வயது. நாலு வயசு வாண்டுகளோ எதிலாவது தொங்காமல் பேசவே மாட்டார்கள்.

முறிந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு ஓடினேன். எந்தப் பொருளும் ஸ்டோர்ஸ் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. ஸ்டோர்ஸ் அதிகாரியை எல்லோரும் டேலி சார் என்றுதான் சொல்வோம். கணக்கு டேலி ஆகாத நாளில் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"கொடுத்தது ஒண்ணு, வந்திருக்கிறது ரெண்டு. எப்படி?" என்றார்.

"முறிஞ்சுடுச்சு சார்."

"முறிஞ்சா குறையணும். இங்க கூடியிருக்கு."

"சார், இந்தக் கம்பியிலதான் காப்பகத்துக் கைப்பிடி. குழந்தைங்க சாஞ்சா..."

"குழந்தைங்க ஸ்டோர்ஸ் ஐட்டம் இல்லம்மா. அதைப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க. இந்தச் சீட்டுல என்ன போட்டிருக்கு, படிங்க."

படித்தேன். 'பயன்படுத்தியபின் முழுசாகத் திருப்பித் தரவும்.' கீழே என் கையெழுத்து.

மறுநாள் எனக்கு ஓர் ஓலை வந்தது. 'தங்கள் பொறுப்பில் இருந்த ஒரு கம்பியானது இரு கம்பிகளாகப் பெருகியமை குறித்துத் தக்க விளக்கம் கோரப்படுகிறது.' விளக்கினேன். என் விளக்கத்தை ஆராய மூவர் குழு அமைந்தது. குழு இரண்டு முறை தேநீர் அருந்தி, தவறு கம்பியில் இல்லை, முறியும்வரை அழுத்தியதில்தான் இருக்கிறது என்று கண்டறிந்தது.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டு அன்பாகவே பேசினார். "உடைக்கிறது யாருக்கும் வரும்மா. எங்க வீட்டுப் பொடியன்கூட உடைப்பான். உடையாம சோதிக்கிறதுதான் ஆராய்ச்சி."

"உடையாம சோதிச்சா, எவ்வளவு தாங்கும்னு எப்படி சார் தெரியும்?"

"எவ்வளவு தாங்குதோ அதுக்கு முன்னாடி நிறுத்திடணும்."

"எதுக்கு முன்னாடின்னு தெரிய..."

"அதான் உங்களுக்கு ஏற்கனவே தெரியுமே. இருபத்திரண்டு."

தர்க்கம் சுத்தமாக இருந்தது.

அன்றிலிருந்து நாங்கள் 'முறிவில்லா ஆய்வுக்கூடம்'. சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு பேட்ஜ். காலை ஒன்பதரைக்கு உறுதிமொழி. இன்னொரு கம்பியை இருபது கிலோவரை அழுத்தி, நிறுத்தி, கைதட்டினோம். 'சோதித்த எல்லைவரை எவ்வித முறிவும் காணப்படவில்லை' என்று சான்றிதழ் தயாரானது. 'தாங்க வேண்டிய எடை' என்ற கட்டம் பக்கத்தில் இடமில்லாததால் நீக்கப்பட்டது.

மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றாவது என்னுடையது. போடாவிட்டால் வேலை போகும். வேலை போனால் காப்பகத்தில் மகளுக்கு இடம் போகும். ஆகவே, என் மகளுக்குக் காப்பகத்தில் இடம் இருக்க வேண்டும் என்பதற்காக, அந்தக் காப்பகத்தின் கைப்பிடி உறுதியானது என்று கையெழுத்துப் போட்டேன்.

அதன்பின் மூன்று நாளும் சோறு உள்ளே போகவில்லை. மகளைத் தூக்கும்போதெல்லாம் எடை பார்த்தேன். எட்டே முக்கால் கிலோ. அவளோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து சாய்ந்தால் போதும்.

திங்கட்கிழமை திறப்பு விழா. பால்கனியில் இயக்குநர், மூவர் குழு, டேலி சார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். "சார், எல்லாரும் அப்படியே கைப்பிடியில சாஞ்சுக்கோங்க."

எல்லோரும் ஓர் அடி பின்னால் வந்தார்கள்.

"அங்க வெளிச்சம் பத்தலை," என்றார் இயக்குநர். உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்நேரம் ஆயாம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். அவர் இடுப்பிலிருந்து என் மகள் கைப்பிடியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

நான் என் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து இயக்குநரிடம் கொடுத்தேன். டேலி சாரின் புத்தகத்திலிருந்து கிழித்த அதே மாதிரிச் சீட்டில் நான் நிரப்பியிருந்தேன். 'பொருள்: குழந்தை. எண்ணிக்கை: பதினேழு. நிலை: முழுசு. பயன்படுத்தியபின் முழுசாகத் திருப்பித் தரவும். பெற்றுக்கொண்டவர் கையெழுத்து.'

"இது எதுக்கும்மா?"

"டேலி ஆகணும் சார்."

டேலி சார் சீட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். முதல்முறையாக என்னை மரியாதையாகப் பார்த்தார். "ஃபார்ம் சரியா இருக்கு சார். காலையில பதினேழுன்னா சாயங்காலம் பதினேழு. பதினாறும் கூடாது, பதினெட்டும் கூடாது. யார் பேர்ல எழுதட்டும்?"

பேனா இயக்குநரிடமிருந்து குழுவின் தலைவருக்குப் போனது. அவர் அடுத்தவருக்குத் தந்தார். ஒரு சுற்று வந்து மறுபடி இயக்குநர் கையில் நின்றது. அவர் பேனாவையும் பார்த்தார், கம்பியையும் பார்த்தார்.

"மாடியில காத்து ஜாஸ்தி," என்றார். "பிள்ளைங்களுக்குச் சளி பிடிக்கும்."

அரைமணி நேரத்தில் தொட்டில்கள் தரைத்தளத்துக்கு இறங்கின. சீட்டில் ஆயாம்மா, "இதுக்கு என்ன யோசனை?" என்று கேட்டபடி கையெழுத்துப் போட்டார். அன்று இரவு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆனால் திறப்பு விழா கண்ட அறையைச் சும்மா பூட்டி வைக்க முடியுமா? வியாழக்கிழமை ஆணை வந்தது. 'மேற்படி கைப்பிடியின் உறுதிக்குச் சான்றளித்த ஆய்வுக்கூடத்தாரே அவ்விடத்தைப் பயன்படுத்தத் தகுதி வாய்ந்தவர்கள்.' மெஷினோடு நாங்கள் மாடி ஏறினோம். வாசல் பால்கனி வழியாகத்தான். இப்போது இயக்குநர் முதல் பெருக்குபவர் வரை எல்லோரும் சுவரோரமாகவே, ஒருவர் பின் ஒருவராக நடக்கிறோம். எங்களை முழுசாகத் திருப்பித் தரச் சொல்லி யாரும் சீட்டு எழுதவில்லை.

யாரும் தொடாததால் கைப்பிடி இன்றுவரை முறியவில்லை. அதற்காக எங்களுக்கு விருதும் கிடைத்தது. கேடயம் அதே மெஷினில் அச்சிட்டது. ஒடிந்துவிடாமல் இரண்டு கையாலும் ஏந்தித்தான் எடுத்துவர வேண்டியிருந்தது.

தினமும் சாயங்காலம் ஆயாம்மா மகளை என் கையில் கொடுத்துவிட்டுச் சீட்டை நீட்டுவார். 'முழுசு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நேற்று அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"பிள்ளை சரி. அம்மாவும் முழுசா இறங்கி வந்தாச்சுன்னு எங்க எழுதுறது?"

தேடிப் பார்த்தேன். ஃபார்மில் அதற்குக் கட்டம் இல்லை.